குப்பிக்குள் எந்தத் தானியம்?

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் நாம் உபாத்தியாயர் வேலை பார்க்கிறோம். காலையில் முதல் மணி அடித்ததும், பையன்களில் ஒருவனை எழுப்பி அன்றையத் தினசரிப் பத்திரிகையின் தலைப்புகளை உரக்கப் படிக்கச் சொல்வது நம் வழக்கம். 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் அவ்விதம் எழுந்து நின்ற பையன், "அமெரிக்காவின் போர்பன் விஸ்கிக்கு இறக்குமதி வரி நூற்றைம்பது சதவிகிதத்திலிருந்து நூறு சதவிகிதமாகக் குறைப்பு" என்று படித்தான்.

உடனே முன் பெஞ்சியிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று: "சார், போர்பன் என்றால் பிஸ்கோத்து அல்லவா?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு, "அந்தப் பிஸ்கோத்து வேறு, இது வேறு. இது அமெரிக்காவிலே மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து வடிக்கும் மதுபானம்" என்று சொன்னோம்.

அப்போது கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் எழுந்தான். வருஷம் முழுவதிலும் அவன் கேட்ட கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"அப்படியானால் நம்ம ஊர்க் கடையிலே விற்கிற விஸ்கி எந்தத் தானியத்திலே சார் பண்ணுகிறார்கள்?"

யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய தகப்பனார் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை செய்கிறவர். வாரக் கூலியில் எவ்வளவு வீடு வந்து சேருகிறது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். "நாளைக்குச் சொல்லுகிறேன், தம்பி, உட்கார்" என்று சொல்லி அன்றையப் பாடத்தைத் தொடங்கினோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் படித்ததும் விசாரித்ததுமே இந்தக் கட்டுரை.

'குடித்தறியாத வாத்தியாருக்கு விஸ்கியைப் பற்றி எழுத என்ன யோக்கியதை?' என்று நேயர்கள் கேட்கலாம். பானிப்பட்டு யுத்தத்தில் கத்தி சுழற்றாமலே இருபது வருஷமாக அதைப் பற்றிப் பாடம் சொல்லி வருகிறோம். அந்த யோக்கியதைதான் இதற்கும்!

ராஜ வம்சமும் மக்காச்சோளமும்

முதலில் பெயரைப் பார்ப்போம். போர்பன் என்பது பிரான்ஸ் தேசத்தை ஆண்ட ராஜ வம்சத்தின் பெயர். அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடத்தியபோது, அந்த வம்சத்து மன்னர் பதினாறாம் லூயி அவர்களுக்குக் கப்பலும் படையும் பணமும் கொடுத்து உதவினார். அந்த நன்றிக்கு அடையாளமாக, இன்றைக்குக் கென்டக்கி மாகாணத்தில் அடங்கிய ஒரு பகுதிக்கு 1785-இல் 'போர்பன் ஜில்லா' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஜில்லாவிலிருந்துதான் மதுவுக்குப் பெயர் வந்தது என்பார் சிலர். நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில் அதே பெயருள்ள ஒரு தெருவிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். நன்றி மறவாமைக்காகப் பிறந்த பெயர் எப்படியோ குப்பிமேல் ஏறிக்கொண்டது!

அந்தப் பெயரைக் குப்பியின்மேல் ஒட்ட வேண்டுமானால் அமெரிக்கச் சட்டம் போடும் நிபந்தனைகள் சாமானியமானவை அல்ல. ஊறல் போடும் தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடிக்கும்போது சாராயச் சத்து நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஏறக் கூடாது. உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புதிய ஓக் மரப் பாத்திரத்தில், 62.5 பங்குக்கு மேற்படாத காரத்தோடு ஊற்றி வைக்க வேண்டும். குப்பியில் அடைக்கும்போது 40 பங்குக்குக் குறையக் கூடாது. தண்ணீரைத் தவிர நிறமோ மணமோ ருசியோ எதையும் வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. அமெரிக்காவுக்கு வெளியே செய்தால் போர்பன் என்ற பெயரே கூடாது. 1964-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இதைத் தங்கள் தேசத்துக்கே உரிய பொருள் என்று தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது.

ரை விஸ்கி என்று மற்றொன்று உண்டு. அதற்கு மக்காச்சோளத்துக்குப் பதில் ரை என்ற தானியம் 51 பங்காவது இருக்க வேண்டும். வடநாட்டில் ராயி என்றால் கடுகு, இது அதுவல்ல. ரை என்பதற்குக் கம்பு என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு, கம்பும் அல்ல. கோதுமையின் நெருங்கிய பங்காளி. குளிர் தேசத்துத் தானியம். ஐரோப்பாவில் ஏழை ஜனங்களின் கறுப்பு ரொட்டி இதிலே சுடுவது. நம் பள்ளத்தாக்கின் வெயிலில் அதற்கு வேலையில்லை.

சமையற்கட்டுப் பாஷையில்

மேற்படி நிபந்தனை 51 பங்கு என்றுதானே சொல்லுகிறது? மீதி 49 பங்கில்தான் ஒவ்வொரு கம்பெனியின் கைப்பக்குவமும் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் இட்லிக்கு அரிசி எத்தனை ஆழாக்கு, உளுந்து எத்தனை ஆழாக்கு என்பது மாமியாருக்கு மாமியார் மாறுபடுகிறதல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

மக்காச்சோளம் இனிப்பைக் கொடுக்கிறது. ரை, மிளகு கடித்தாற்போன்ற ஒரு காரத்தைக் கொடுக்கிறதாம். ரைக்குப் பதில் கோதுமை போட்டால் காரம் குறைந்து மென்மையாகிறதாம். மூன்றாவதாக எல்லோரும் சேர்ப்பது முளைகட்டிய பார்லி. இதைச் சேர்ப்பது ருசிக்காக மட்டுமன்று. தானியத்திலுள்ள மாவுச் சத்தை ஈஸ்ட் நேராகத் தின்னமாட்டாது. அதற்குச் சர்க்கரைதான் வேண்டும். மாவைச் சர்க்கரையாக்கும் சக்தி, முளைவிடும் தானியத்தில் சுரக்கிறது. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கூழ் காய்ச்சும் நம் தாய்மார்களுக்கு இந்த ரகசியத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முளைத்த தானியத்தை வாயில் போட்டு மென்று பாருங்கள், தித்திக்கும்.

இனி, சில கம்பெனிகளின் கணக்கைப் பார்ப்போம். வைல்ட் டர்க்கி, அதாவது 'காட்டு வான்கோழி', மக்காச்சோளம் 75 பங்கு, ரை 13, பார்லி 12. வுட்ஃபோர்ட் ரிசர்வ் என்பது 72, 18, 10. மேக்கர்ஸ் மார்க் என்பதில் ரையே கிடையாது: மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14. இதை ஆரம்பித்தவர் 1950-களில் எந்தத் தானியக் கலவை நல்லது என்று கண்டுபிடிக்கப் பல வருஷம் சாராயம் வடித்துக் காத்திருக்கப் பொறுமையின்றி, கலவைக்கு ஒரு ரொட்டியாகச் சுட்டுத் தின்று பார்த்து முடிவு செய்தாராம். அந்தக் குடும்பத்தில் வழங்கும் கதை இது. குடிகாரர் கதைகளில் சமையற்கட்டில் தொடங்கும் கதை இது ஒன்றுதான் நாம் கேட்டது!

ஃபோர் ரோஸஸ், அதாவது 'நான்கு ரோஜா', என்பதன் கணக்கு ஒரு நல்ல வாய்ப்பாட்டுப் பாடம். அவர்களிடம் இரண்டு தானியக் கலவைகள்: ஒன்றில் மக்காச்சோளம் 75, ரை 20, பார்லி 5, மற்றொன்றில் 60, 35, 5. ஈஸ்ட் வகைகள் ஐந்து. இரண்டை ஐந்தால் பெருக்கினால் பத்து. ஆகவே பத்து விதச் சரக்கு. அவற்றை வேண்டியபடி கலந்துகொள்ளுகிறார்கள்.

ரை வகையில் ரிட்டன்ஹவுஸ் என்பது சட்டத்தின் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது: ரை 51, மக்காச்சோளம் 35, பார்லி 14. புல்லெட் ரை என்பதோ 95 பங்கு ரை, 5 பங்கு பார்லி. அண்டை மாகாணமான டென்னஸியில் செய்யும் ஜாக் டேனியல்ஸில் மக்காச்சோளம் 80, பார்லி 12, ரை 8. அதை மேப்பிள் மரக்கரியில் வடிகட்டிய பிறகே பீப்பாயில் ஊற்றுகிறார்கள்.

இவர்களிற் பெரும்பாலோர் கையாளும் இன்னொரு முறையும் உண்டு. முந்தின தடவை வடித்து மிஞ்சிய புளித்த நீரில் ஒரு பங்கை அடுத்த ஊறலில் சேர்ப்பார்கள். வேண்டாத கிருமிகள் சேராமல் அது காக்கிறது. நேற்றைய மாவில் ஒரு கரண்டியை இன்றைய மாவில் விடும் நம் பாட்டிமார்கள் கென்டக்கிக்குப் போனால் உடனே உத்தியோகம் கிடைக்கும்!

அமெரிக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டனே இந்தத் தொழில் செய்தவர்தான். பதவியிலிருந்து இளைப்பாறிய பிறகு மௌன்ட் வெர்னனில் தமது பண்ணையில் வாலை அமைத்தார். அவருடைய கணக்கு: ரை 60, மக்காச்சோளம் 35, முளைகட்டிய பார்லி 5. அவர் காலமான 1799-இல் அங்கே வடித்தது ஏறக்குறைய 11,000 காலன். அவருடைய பண்ணையில் உழைத்தவர்களில் பலர் அடிமைகள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தேசத்தின் பிதா சாராயம் வடித்தார். மற்றொரு தேசத்தின் பிதா மதுவிலக்கைத் தம் நிர்மாணத் திட்டத்தில் சேர்த்தார். சரித்திரம் எவ்வளவு விசித்திரமானது!

ஜனாதிபதி எழுதிய தீர்ப்பு

இவ்வளவு கண்டிப்பான சட்டம் எதனால் வந்தது? குடிப்பவரின் ஆரோக்கியத்தை உத்தேசித்து என்று மட்டும் எண்ண வேண்டாம். முக்கிய காரணம் மோசடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வியாபாரிகள் பலர், மலிவான வெறும் சாராயத்தை வாங்கி, அதில் புகையிலைச் சாறு முதலிய கண்ட கண்ட சரக்கையும் கலந்து, நிறம் ஏற்றி, 'பழைய விஸ்கி' என்று சீட்டு ஒட்டி விற்றுவந்தார்கள். அதைத் தடுக்க 1897-இல் ஒரு சட்டம் வந்தது: ஒரே வாலைச்சாலையில், ஒரே பருவத்தில் வடித்து, சர்க்கார் மேற்பார்வையிலுள்ள கிடங்கில் நான்கு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருந்து, 50 பங்குச் சத்தோடு அடைத்தால், அதற்குச் சர்க்கார் முத்திரை உண்டு.

அப்புறமும் தகராறு தீரவில்லை. 'விஸ்கி என்றால் என்ன?' என்ற வழக்கு ஜனாதிபதி டாஃப்டிடமே போய்ச் சேர்ந்தது. அவர் நீதிபதியாக இருந்தவர். சாட்சியங்களைப் பார்த்து 1909-இல் முடிவு எழுதினார். தானியத்தில் வடித்தது எல்லாம் விஸ்கிதான். ஆனால் நேரானது எது, கலந்தது எது என்று சீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றார். அதோடு, கரும்பாலையில் மிஞ்சும் மொலாஸஸ் என்னும் கழிவுப் பாகிலிருந்து வடித்ததற்கு நிறமும் மணமும் ஊட்டி விஸ்கி என்று விற்பது செல்லாது என்றும் தீர்த்தார்.

இந்த வரியைப் படித்ததும் நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். நம் கடைசிப் பெஞ்சிப் பையனுடைய கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது.

நம் ஊர்க் குப்பி

நம் தேசத்தில் விஸ்கி என்ற பெயரோடு விலைபோகும் சரக்கில் பெரும் பகுதி, முக்கியமாக மலிவு விலையில் விற்பது, எப்படித் தயாராகிறது தெரியுமா? கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த கழிவுப் பாகைப் புளிக்க வைத்து, நூற்றுக்கு 96 பங்கு வரை சத்து ஏறும்படி வடித்துவிடுகிறார்கள். சமீப வருஷங்களில் நொய்யரிசியிலிருந்து வடிப்பதும் உண்டு. எதிலிருந்து வடித்தாலும், 96 பங்குக்கு ஏறிவிட்ட சாராயத்தில் அதன் பூர்வீகத்தின் வாசனையே இராது. கரும்பா, அரிசியா, சோளமா என்று நாக்கு கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்கச் சட்டம் 80 பங்குக்கு மேல் ஏற்றாதே என்று தடுப்பதன் மர்மம் இதுதான்: தானியத்தின் குணம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும் என்பதே.

அந்தக் குணமற்ற சாராயத்தில் தண்ணீர் விட்டு, கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்றி, மணச்சத்தும், சில வகைகளில் கொஞ்சம் பார்லிச் சாராயமும் சேர்த்து, 42.8 பங்குக்குக் கொண்டுவந்து அடைத்தால், நம் ஊர் விஸ்கி தயார். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் கழிவுப் பாகுச் சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது.

எல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் கூடாது. 1948-இல் பெங்களூரில் ஆரம்பித்த அம்ருத் கம்பெனி, முழுக்க முழுக்கப் பார்லியில் வடித்து மரப் பீப்பாயில் முதிர வைத்த விஸ்கியை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டுபோய் வெளியிட்டது. உலகத்து நிபுணர்கள் அதைப் புகழ்ந்தார்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு நூற்றில் 2 பங்கு பீப்பாயிலிருந்து ஆவியாகப் போகிறதென்றால், பெங்களூர்ச் சூட்டில் 10 பங்குக்கு மேல் போய்விடுகிறது. தானியத்துக்கும் காலத்துக்கும் இப்படி விலை கொடுத்துச் செய்த சரக்கு, நம் ஊர்க் கூலிக்காரர் எட்டிப் பார்க்கும் விலையில் இருக்குமா? அவருக்குக் கிடைப்பது கழிவுப் பாகும் கருக்கிய சர்க்கரையுந்தான்.

தமிழ்நாட்டில் அந்தக் கடையைச் சர்க்காரே நடத்துகிறது. ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி. அதற்கு முன்பே, திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாயிருந்தவர் கல்கி. 1948-இல் ஓமந்தூரார் மந்திரிசபை மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் விஸ்தரித்தது. 1971-இல் அது தளர்ந்தது. 1974-இல் திரும்ப வந்தது. பிறகு மறுபடியும் போயிற்று. 1983-இல் மொத்த வியாபாரத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்து எடுபட்டது. ஆனால் எடுபட்டபோது அங்கே ஒரு காரியம் மட்டும் நிலைத்தது: குப்பியின் முகப்பில் உள்ள பெயர் பொய் சொல்லக் கூடாது என்ற சட்டம்.

நம் குப்பியில் மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்ற எச்சரிக்கை உண்டு. சத்து எவ்வளவு, விலை எவ்வளவு என்பதும் உண்டு. ஆனால் முகப்பிலுள்ள 'விஸ்கி' என்ற சொல்லைக் கொண்டு உள்ளே பார்லியா, நொய்யா, கரும்பா என்று யாராலும் அறிய முடியாது.

தேனியிலிருந்து கூடலூர் வரை

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நாம் தேனியில் பஸ் ஏறினோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இந்த ரஸ்தாவில் போகிறவர்களுக்குச் சொர்க்கம் எப்படியிருக்கும் என்று யாரும் வருணிக்க வேண்டாம். ஒரு பக்கம் மேகமலை. மறுபக்கம் கேரளத்து எல்லை மலைகள். நடுவே வாழையும் தென்னையும். 1895-இல் பென்னிகுவிக் என்ற வெள்ளைக்கார இஞ்சினியர் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் இந்தப் பள்ளத்தாக்கின் பெருமை. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களில் சோளம், கம்பு, மக்காச்சோளம்.

ஓர் ஊருக்கு வெளியே களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கே காவலிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"பெரியவரே, இந்தச் சோளம் எங்கே போகிறது?"

"வாங்க வாத்தியாரய்யா. எங்கே போகும்? கோழித் தீவனத்துக்குப் போகும். இப்போ கொஞ்ச நாளா வண்டிக்கு ஊத்துற எண்ணெய்க்கும் போகுதுன்னு வியாபாரி சொல்றாரு."

வியாபாரி சொன்னது வாஸ்தவம். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்பதும் குப்பியிலுள்ள அதே சாராயச் சத்துத்தான். 2023-24-ஆம் வருஷக் கணக்கில் நம் தேசத்தில் அந்த எத்தனாலுக்கு அதிகமாகச் செலவான பொருள் கரும்பல்ல, மக்காச்சோளம். கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தீவனம் முடை. 2024-இல் வெளிநாட்டிலிருந்து மக்காச்சோளம் வரவழைக்கும்படி ஆயிற்று.

அமெரிக்காவில் இதே தானியத்தை ஊறல் போட்டு விஸ்கி வடிக்கிறார்கள் என்று பெரியவரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"இந்த விதை வந்ததும் அந்தச் சீமையிலிருந்துதானே? மூணாம் வருஷம் முழுக் காட்டையும் தின்னுதே படைப்புழு, அதுவும் அங்கேயிருந்து வந்ததுன்னு ஆபீசர் சொன்னாரு."

அதுவும் வாஸ்தவம். மக்காச்சோளத்தின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 2018-இல் இந்தியாவில் முதன்முதல் தென்பட்ட படைப்புழுவுக்கும் அதுவே தாய்நாடு.

"நம்ம சோளத்தைக் கோழி திங்குது, காரு குடிக்குது. மனுசன் குடிக்கிறது எதுங்கய்யா?" என்று கேட்டார்.

கழிவுப் பாகின் கதையைச் சொன்னோம். பெரியவர் சிரிக்கவில்லை. "பாகு எடுத்த மிச்சத்தை மாட்டுத் தீவனத்திலே தெளிச்சுப் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகத்தை விரட்ட எழுந்தார்.

கம்பத்தை நெருங்க நெருங்க ரஸ்தாவின் இரு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்லும் மஸ்கட் ஹாம்பர்க் வகை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் வருஷம் முழுவதும் ஏதாவதொரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டேயிருக்கும். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தைப் பெட்டியில் அடைத்து இந்தப் பெயர் ஒட்டினால் குற்றம். போர்பன் என்ற பெயருக்கு அமெரிக்கா போட்ட அதே விதமான வேலியை நம் பழத்துக்கும் போட்டிருக்கிறோம். பழத்துக்கு இருக்கிற அந்த வேலி குப்பிக்கு இல்லை.

பையனுக்குச் சொன்ன பதில்

திங்கட்கிழமை அந்தப் பையனைத் தனியே அழைத்துப் பதில் சொன்னோம். "பெரும்பாலும் தானியமே இல்லை, தம்பி. கரும்புக் கழிவுப் பாகு" என்றோம். அதோடு நிறுத்தவில்லை. "நல்ல தானியமாக இருந்தால் நல்லது என்று எண்ணிவிடாதே. மக்காச்சோளமானாலும் ரையானாலும் கழிவுப் பாகானாலும் உள்ளே போவது ஒரே சாராயச் சத்துத்தான். ஈரலுக்குத் தானியத்தின் பெயர் தெரியாது. எவ்வளவு குறைத்துக் குடித்தாலும் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023-இல் சொல்லியிருக்கிறது" என்றும் சொன்னோம். பையன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

நாலைந்து நாள் கழித்து அவனே வந்தான்.

"அப்பாகிட்டச் சொன்னேன் சார்."

"என்ன சொன்னார்?"

"முதலிலே கோபப்பட்டார். மறுநாளும் கடைக்குப் போனார். நேற்று ராத்திரி குப்பியை என் கையிலே கொடுத்து, 'மேலே என்ன போட்டிருக்கு, படிடா' என்றார். முன்பக்கம் பூராவும் படித்துக் காட்டினேன். சோளம், பார்லி, கரும்பு ஒன்றுமே அதிலே இல்லை சார்."

"அப்புறம்?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "'நான் கட்டுகிற ஒவ்வொரு பழப் பெட்டியிலும் ஊர்ப் பேர் இருக்கு. இதுக்கு அப்பன் பேரே இல்லையேடா' என்று சொன்னார், சார்."

அன்று மாலை அவர் கடைக்குப் போனாரா என்று நாம் கேட்கவில்லை, பையனும் சொல்லவில்லை. வகுப்பு மணி அடித்தது. அவன் தன் கடைசிப் பெஞ்சிக்குப் போய் உட்கார்ந்தான்.